கண்ணாடிப் பேழை: ஒரு நியான் உளுவையின் வரலாறு

1

1904இல் இந்த மீனுக்கு அறிவியல் பெயர் வைத்தபோது உலகில் நியான் விளக்கு என்று ஒன்று கிடையாது. நியான் வாயுவைக் கண்டுபிடித்தே ஆறு வருடம்தான் ஆகியிருந்தது. அதைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து, மின்சாரம் பாய்ச்சி, பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் ஜார்ஜ் கிளாட் எரியவிட்டது 1910 டிசம்பரில். ஆக, உப்புநீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் இன்று 'நியான் கோபி' என்று செல்லமாகக் கூப்பிடும் இந்த மீனின் பெயர், பிற்பாடு நகரத்துக் கடைவீதியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. அதிலும் ஒரு வேடிக்கை. சுத்தமான நியான் செம்மஞ்சளாகத்தான் ஒளிரும். விளம்பரப் பலகைகளில் நாம் பார்க்கும் நீலம் வேறு வாயுக்களின் வேலை. இந்த மீனிடம் இருப்பதோ நீலம் மட்டும். கருத்த உடம்பு, மூக்கிலிருந்து வால்வரை இரண்டு பக்கமும் ஓடும் ஒரு மின்நீலக் கோடு. முழுசாக வளர்ந்தால் ஐந்து சென்டிமீட்டர். ஆள்காட்டி விரலில் பாதிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான்.

கோபி என்றால் வேறொன்றுமில்லை, உளுவை. நம்மூர் ஆற்றிலும் கழிமுகத்திலும் தரையோடு ஒட்டிக் கிடக்குமே, அந்த உளுவைக்கு இது தூரத்துச் சொந்தம். அறிவியல் பெயர் எலகாடினஸ் ஓசியனாப்ஸ். 'எலகாட்டே' என்பது கோபியா மீனுக்கு முன்பு இருந்த பேரினப் பெயர். தமிழ்நாட்டுக் கடற்கரையில் கடல் விரால் என்பார்களே, அதேதான். கடல் விராலின் குஞ்சுக்கும் பக்கவாட்டில் இப்படிப் பட்டை ஓடும். அதைப் பார்த்துதான் 'குட்டிக் கடல் விரால்' என்கிற பொருளில் இந்தப் பெயரை வைத்தார் டேவிட் ஸ்டார் ஜோர்டன். ஒன்று ஆள் உயரத்துக்கும் மேலே வளரக்கூடிய வேட்டை மீன். இன்னொன்று தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும்.

ஜோர்டன் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர், அந்தக் காலத்து அமெரிக்க மீனியலின் பெரிய தலை. ஆனால் அவர் பெயர் வைத்த மாதிரிகளைச் சேகரித்தவர் ஜோசப் தாம்ப்சன் என்ற கடற்படை மருத்துவர். சேகரித்த இடம், ஃபுளோரிடாவின் தென்முனையில் கீ வெஸ்ட்டுக்கு மேற்கே சுமார் 110 கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கும் டிரை டோர்டுகாஸ் தீவுகள். 1513இல் பொன்ஸ் தே லியோன் அங்கே கப்பலை நிறுத்தி, ஆமைகளைக் கொத்துக்கொத்தாகப் பிடித்துப் போனதால் டோர்டுகாஸ். ஸ்பானிய மொழியில் ஆமைகள். குடிக்கச் சொட்டுத் தண்ணீர் கிடைக்காது என்று மாலுமிகளை எச்சரிக்க, பிறகு வரைபடத்தில் சேர்ந்த அடைமொழி 'டிரை'.

தாம்ப்சனின் காலத்தில் அந்தத் தீவுகளில் ஒன்றான கார்டன் கீயில் ஒரு ராட்சசக் கோட்டை நின்றுகொண்டிருந்தது. இன்றும் நிற்கிறது. 1846இல் கட்டத் தொடங்கி, முப்பது வருடம் கட்டி, ஒன்றரைக் கோடிக்கும் மேலான செங்கல்லைக் கொட்டி, கடைசிவரை முடிக்காமலே விட்ட ஃபோர்ட் ஜெஃபர்சன். அடிமைகளின் உழைப்பும் அதில் இருக்கிறது. லிங்கனைச் சுட்டவனின் முறிந்த காலுக்குக் கட்டுப்போட்ட டாக்டர் சாமுவேல் மட் சிறையிருந்ததும் அங்கேதான். எந்தச் சண்டையையும் நேரில் பார்க்காத அந்தக் கோட்டையைச் சுற்றியிருந்த ஆழமற்ற நீரில், ஒவ்வொரு பவளத்தின் மேலும் ஐந்து சென்டிமீட்டர் காவலாளிகள் உட்கார்ந்திருந்தார்கள்.

பெயர் வைப்பதற்கு மீன் செத்திருந்தாலும் போதும். சாராயப் புட்டியில் கிடக்கும் உடம்பின் துடுப்பு முட்களை எண்ணிவிட்டால் வேலை முடிந்தது. அது என்ன செய்கிறது என்பதை யாராவது அங்கேயே தங்கி, தண்ணீருக்குள் தலையை விட்டுப் பார்த்தால்தான் உண்டு. அப்படிப் பார்க்க ஆள் வந்தது. அதே 1904இல் கார்னகி நிறுவனம் பக்கத்துத் தீவான லாகர்ஹெட் கீயில் ஒரு கடல் ஆய்வகம் தொடங்கியது. பால்டிமோரில் கல்லூரிப் பேராசிரியராக இருந்த வில்லியம் லாங்லி கோடைதோறும் அங்கே வந்து, தலையில் செம்புக்கவசம் மாட்டி, குழாய் வழியே மேலிருந்து காற்று இறங்க, கடலடியில் நின்று மீன்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். 1926இல் நேஷனல் ஜியாக்ரஃபிக்கின் சார்லஸ் மார்ட்டினோடு சேர்ந்து உலகின் முதல் கடலடி வண்ணப் புகைப்படங்களை எடுத்தது இதே டோர்டுகாஸில். வெளிச்சத்துக்கு மிதவையின் மேல் மக்னீசியப் பொடியை வெடிக்க வைத்தார்கள். லாங்லி 1937இல் இறந்துபோனார். அவருடைய குறிப்புகளை சாமுவேல் ஹில்டபிராண்ட் முடித்து 1941இல் நூலாக்கினார். ஆய்வகம் அதற்கு முன்பே, 1939இல் மூடப்பட்டுவிட்டது.

இந்த மீனின் வரலாறு முழுக்க இரண்டு வகை மனிதர்கள் வருகிறார்கள். எடுத்துப் போனவர்கள், இருந்து பார்த்தவர்கள். இரண்டாம் வகைக்குத்தான் இந்த மீன் தன்னைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து காட்டியது.

2

என்ன காட்டியது? ஒரு மூளைப் பவளத்தைக் கற்பனை செய்யுங்கள். மனித மூளையின் மடிப்புகளோடு, பானை அளவுக்கோ அண்டா அளவுக்கோ உருண்டு கிடக்கும் பவளம். அதன் மேல் இரண்டு மூன்று நியான் உளுவைகள். ஒரு களவா மீன் வந்து பக்கத்தில் அசையாமல் நிற்கிறது. வாயைத் திறக்கிறது, செவுள் மூடியை விரிக்கிறது. உளுவை தாவிப் போய் அதன் உடம்பில் ஒட்டிக்கொண்டு கொத்துகிறது. அப்புறம் வாய்க்குள்ளேயே போகிறது. ஒரே மடக்கில் விழுங்கக்கூடிய வாய், மூடாமல் காத்திருக்கிறது. களவா போனதும் அடுத்த மீன் வரிசையில்.

சுத்தம் செய்கிறது. தோலிலும் செவுளிலும் ஒட்டியிருக்கும் ஒட்டுண்ணிகளைத் தின்கிறது. அதற்கு உணவு, வந்தவனுக்கு நிம்மதி. முதலையின் வாய்க்குள் போகும் பறவையைப் பற்றி ஹெரோடோட்டஸ் எழுதிய காலத்திலிருந்து இந்த மாதிரிக் கதைகள் உண்டு. கடலுக்குள் இதைப் பொறுமையாகப் பார்த்து எழுதியது இருபதாம் நூற்றாண்டில்தான். ஹான்ஸ் ஹாஸின் 'ஸாரிஃபா' கப்பலில் 1953-54இல் கரீபியனுக்குப் போன ஆஸ்திரிய விலங்கியலாளர் ஐரினேயஸ் ஐப்ல்-ஐப்ஸ்ஃபெல்ட் 1955இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார்.

அடுத்து வந்தவர் கான்ராட் லிம்பா, கலிஃபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிலையத்தில் முக்குளிப்புக்குப் பொறுப்பாளர். அவர் செய்ததை என் போன்ற மென்பொருள்காரர்கள் உடனே புரிந்துகொள்வோம். பெரிய அமைப்பு ஒன்றில் ஏதோ ஒரு சின்ன சர்வீஸ் ஓடிக்கொண்டிருக்கிறது, எதற்கென்று யாருக்கும் தெரியவில்லை. என்ன செய்வோம்? நிறுத்திவிட்டு எது உடைகிறது என்று பார்ப்போம். லிம்பா பஹாமாஸில் இரண்டு சின்னப் பவளத்திட்டுகளிலிருந்து சுத்தக்கார மீன்களையும் இறால்களையும் மொத்தமாக அகற்றினார். சில நாளில் மீன் கூட்டம் குறைந்தது. இரண்டு வாரத்தில், எல்லை பிடித்து வாழும் மீன்களைத் தவிர மற்றவை போய்விட்டன. மிஞ்சியவற்றின் உடம்பில் வெள்ளைத் திட்டு, வீக்கம், புண். இதையெல்லாம் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் 1961 ஆகஸ்டில் வந்தபோது அதைப் பார்க்க அவர் இல்லை. 1960 மார்ச்சில் பிரான்ஸில் போர் மியூ என்ற இடத்தில் கடலோடு சேரும் நிலத்தடி ஆற்றுக்குள் முக்குளித்தவர் உயிரோடு திரும்பவில்லை.

கட்டுரை உலகப் புகழ் பெற்றது. பாடப்புத்தகங்களில் ஏறியது. பிறகு ஹவாயில் மற்றவர்கள் அதே மாதிரி சுத்தக்காரர்களை அகற்றிப் பார்த்தார்கள். பெரிதாக ஒன்றும் உடையவில்லை. அப்போ இந்த மீன்கள் உண்மையில் உதவுகின்றனவா, இல்லை கொத்தித் தின்பதற்கு நாம்தான் சேவை என்று பெயர் வைத்துவிட்டோமா? கேள்வி பல வருடம் தொங்கிக்கொண்டிருந்தது. 1999இல் லெக்ஸா கிரட்டர் ஆஸ்திரேலியாவின் லிசார்டு தீவில் ஒட்டுண்ணிகளை எண்ணிக் காட்டினார். சுத்தக்காரர் இல்லாத திட்டுகளில் மீன் உடம்பில் ஒட்டுண்ணி பன்னிரண்டே மணி நேரத்தில் நாலரை மடங்கு அதிகம். அதே தீவில் எட்டரை வருடம் சுத்தக்காரர் இல்லாமலே வைத்திருந்த திட்டுகளில், தங்கி வாழும் மீன்களின் எண்ணிக்கை 37 சதவீதம் குறைவு என்று 2011இல் ஒரு குழு எழுதியது. லிம்பா பெரிதாகத் தப்பவில்லை. பலன் தெரிய நாள் பிடிக்கும், அவ்வளவுதான்.

லிசார்டு தீவின் சுத்தக்காரர் வேறு சாதி. லாப்ராய்டஸ் என்ற ராஸ் மீன். மன்னார் வளைகுடாப் பவளங்களிலும் இருப்பது. அதற்கு உண்மையில் பிடித்தது ஒட்டுண்ணி கிடையாது, மீன் உடம்பின் மேலிருக்கும் வழுவழுப்பான சளிப்படலம். கண் தப்பினால் ஒரு கடி கடித்து அதைத் தின்றுவிடும். கடிபட்டவன் துரத்துவான். ராஸின் நேர்மை, துரத்துவானே என்ற பயத்தில் வந்தது. கரீபிய உளுவைகளிடம் இதே சோதனையைச் செய்தபோது முடிவு தலைகீழ். சளியும் ஒட்டுண்ணியும் ஒரே தட்டில் கிடைத்தால் உளுவை ஒட்டுண்ணியைத்தான் எடுக்கிறது. அதற்காகத் தெய்வப்பிறவி என்று நினைத்துவிடக் கூடாது. ஒட்டுண்ணி குறைவாக இருக்கும் ஊர்களில் இதுவும் சளி, செதில் என்று கை வைக்கிறது என்று கரென் சேனியும் இசபெல் கோட்டேயும் 2005இல் காட்டினார்கள். வேலை இருக்கும்வரை நாணயமான தொழிலாளி. வேலை குறைந்தால் மனுஷங்க மாதிரிதான்.

அந்த நீலக் கோட்டுக்கும் விளக்கம் கிடைத்தது. இதன் சொந்தக்கார உளுவைகளில் சுத்தம் செய்யாதவற்றுக்கு மஞ்சள், பச்சைக் கோடுகள் உண்டு. நீலம் சுத்தக்காரர்களிடம் மட்டும். பவளத்தின் நிறத்துக்கு எதிரே, வாடிக்கையாளரின் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிவது நீலம். நியான் என்று பெயர் வைத்த அந்தக் கடைக்காரர் யாரோ, தெரியாமலே சரியாகத்தான் வைத்திருக்கிறார். அது ஒரு விளம்பரப் பலகை.

3

இனி, எடுத்துப் போனவர்கள்.

கடல்மீனை வீட்டில் வளர்ப்பது இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு பரவிய ஆசை. விமானம் வந்தது. பிளாஸ்டிக் பை வந்தது. பைக்குள் ஆக்சிஜனை அடைத்து முடிச்சுப் போட்டால் கரீபியனிலோ பசிபிக்கிலோ பிடித்த மீன் மறுநாள் நியூயார்க் கடையில். மயாமியிலிருந்த ராபர்ட் ஸ்ட்ராகன் 1959இல் வீட்டு உப்புநீர்த் தொட்டி பற்றி ஒரு நூலே எழுதினார். 1964இல் 'இன்ஸ்டன்ட் ஓஷன்' என்ற பெயரில் செயற்கைக் கடலுப்புப் பொடி விற்பனைக்கு வந்தது. கடலே பக்கத்தில் இல்லாத ஊரிலும் குழாய்த் தண்ணீரில் கொட்டிக் கலக்கினால் கடல்.

தொட்டியில் மீன் செத்தால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம் என்பதுதான் அன்றைய நடைமுறை. 1960களிலிருந்து பிலிப்பைன்ஸில் சோடியம் சயனைடைக் கரைத்துப் பவள இடுக்கில் பீய்ச்சி, மயங்கி வரும் மீனை அள்ளும் வழக்கம் பரவியது. பவளம் அங்கேயே சாகும். மீன் கொஞ்ச நாள் கழித்து, வாங்கியவர் வீட்டில் சாகும். சுத்தக்கார ராஸ் அழகாக இருக்கிறதே என்று வாங்கியவர்கள் பலர் அது பட்டினியில் மெலிந்து போவதைப் பார்த்தார்கள். நாள் முழுக்க நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களைப் பார்த்த மீனுக்கு, நான்கு மீன் இருக்கும் தொட்டியில் என்ன வேலை, என்ன சாப்பாடு?

சென்னையில் வளர்ந்த யாருக்கும் கொளத்தூர் வண்ணமீன் சந்தை தெரிந்திருக்கும். பள்ளி நாட்களில் நானும் கப்பியும் மோலியும் வாங்கி ஹார்லிக்ஸ் பாட்டிலில் வளர்த்தவன்தான். அந்த மீன்களைக் காட்டிலிருந்து யாரும் பிடித்து வரவில்லை. சிமெண்டுத் தொட்டிகளில் மனிதர்கள் வளர்த்துக் குஞ்சு பொரிக்க வைத்தவை. நன்னீர் வண்ணமீன் வியாபாரத்தில் உலகம் முழுக்கவே பத்தில் ஒன்பது பங்கு அப்படித்தான். கடல்மீனில் கணக்கு தலைகீழ். ஐ.நா.வின் சுற்றுச்சூழல் அமைப்பு 2003இல் வெளியிட்ட அறிக்கைப்படி ஆண்டுக்கு இரண்டு கோடியிலிருந்து இரண்டு கோடியே நாற்பது லட்சம் பவளமீன்கள் விற்கப்பட்டன. 1,471 இனங்கள். கிட்டத்தட்ட எல்லாமே கடலிலிருந்து நேராக எடுத்தவை.

ஏன் வளர்க்க முடியவில்லை? பிரச்சினை வாயில் இருக்கிறது. பெரும்பாலான பவளமீன்கள் முட்டையைக் கடலில் தூவிவிட்டுப் போய்விடும். அதிலிருந்து வரும் லார்வா கண்ணுக்கே தெரியாத தூசு. அதன் வாய்க்குள் போகிற அளவுக்கு உயிருள்ள இரையை நாம் எங்கே தேடுவது? ஒரு விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. ஜப்பானில் விலாங்குப் பண்ணைக் குளங்களில் ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிரி பெருகித் தொல்லை கொடுத்துக்கொண்டிருந்தது. மில்லிமீட்டரில் கால் பங்குகூட இருக்காது. இந்தத் தொல்லையையே மீன்குஞ்சுக்குத் தீனியாக்கலாம் என்று 1960இல் கண்டுகொண்டார்கள். இரண்டு மூன்று வாரம் ரோட்டிஃபர், அப்புறம் கொஞ்சம் பெரிய ஆர்ட்டீமியா குஞ்சு. இன்று உலகின் கடல்மீன் பொரிப்பகங்கள் பெரும்பாலும் இந்த ஏணியில்தான் ஏறுகின்றன.

அந்த ஏணியின் முதல் படியில் கால் வைக்கிற அளவுக்கு வாய் இருந்த மீன் நம் நியான் உளுவை. இது முட்டையைத் தூவுவதில்லை. ஜோடி சேர்ந்து, ஒரு பொந்தில் முட்டையை ஒட்டி வைக்கிறது. ஆண் மீன் காவல் இருந்து துடுப்பால் விசிறுகிறது. சுமார் ஒரு வாரத்தில் பொரிந்து வரும் குஞ்சு மற்ற பவளமீன்களோடு ஒப்பிட்டால் பெரிசு, கண்ணும் வாயும் தயாராக இருக்கும். தொட்டிக்குள் ஒரு பிளாஸ்டிக் குழாயைப் போட்டு வைத்தால் அதையே வீடென்று எடுத்துக்கொண்டு முட்டையிடும். 1967இல் ஹென்றி ஃபெடர்ன் இதன் லார்வா வளர்ச்சியைப் படிப்படியாக விவரித்து ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். 1970களின் தொடக்கத்தில் ஃபுளோரிடாவில் மார்ட்டின் மோ என்ற மீன்வள உயிரியலாளர், கோமாளி மீனையும் நியான் உளுவையையும் விற்கும் அளவுக்கு வளர்த்துக் கடைகளுக்கு அனுப்பினார். பவளமீன் வியாபாரத்தில் 'எடுத்தல்' முதன்முதலாக 'வளர்த்தல்' ஆன இடம் இது. 1975இல் பேட்ரிக் காலின் இந்த உளுவைகளைப் பற்றி மட்டுமே ஒரு முழு நூல் எழுதினார்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிய இன்னொரு தேதி போதும். திரைப்படத்தால் உலகப்புகழ் பெற்ற நீல டாங் மீனை, 'டோரி'யை, அடைப்பில் வளர்த்துக் காட்டியது 2016இல். அதுவும் ஃபுளோரிடாவில்தான், டாம்பாவுக்குப் பக்கத்தில் ரஸ்கின் என்ற ஊரில் இருக்கும் பல்கலைக்கழக ஆய்வகத்தில். உளுவைக்கும் டோரிக்கும் நடுவே நாற்பது வருடத்துக்கும் மேல். வாய் கொஞ்சம் சின்னது, அதுதான் வித்தியாசம்.

அலுவலக வேலையாக டாம்பாவில் சில மாதங்கள் இருந்தபோது ஒரு மீன் கடையில் நியான் உளுவையை முதல்முறை நேரில் பார்த்தேன். தொட்டியில் 'இங்கேயே பொரித்தது' என்று ஒரு சீட்டு. கடைப் பையன் அதைக் கொஞ்சம் பெருமையாகவே காட்டினான். ஒரு பெரிய மீன் வந்து உளுவை இருந்த குழாய்க்குப் பக்கத்தில் நின்றது. உளுவை கிளம்பிப் போய் அதன் செவுளோரம் கொத்தத் தொடங்கியது. இது கடலையே பார்த்ததில்லை, இதன் அப்பா அம்மாவும் பார்த்ததில்லை என்றான் அவன். ஆனாலும் வேலை மறக்கவில்லை. எனக்கு உடம்பு சிலிர்த்தது உண்மை.

4

இந்த மீன் எப்படி எளிதாகத் தொட்டிக்கு வந்தது என்ற கேள்விக்கு இன்னொரு பதிலும் இருக்கிறது. இது ஊரைவிட்டுப் போகாத மீன்.

பவளமீன்களின் லார்வா நீரோட்டத்தில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் மிதந்து போகும், எனவே கரீபியன் முழுக்க ஒரே மீன்குடும்பம்தான் என்று ரொம்ப நாள் நினைத்தார்கள். ஓரிடத்தில் அழிந்தாலும் இன்னோரிடத்திலிருந்து வந்து நிரம்பிவிடும் என்கிற ஆறுதல் அதிலிருந்து வந்தது. 2003இல் டெய்லரும் ஹெல்பர்கும் நியான் உளுவையின் நெருங்கிய சொந்தமான ஒரு சுத்தக்கார உளுவையின் மரபணுக்களைத் தீவு தீவாக ஒப்பிட்டார்கள். மூன்று வாரம் மிதக்கக்கூடிய குஞ்சு, இருந்தும் தீவுக்குத் தீவு மரபணு வேறு. குஞ்சுகள் பிறந்த ஊர்ப்பக்கமே திரும்பிவிடுகின்றன. 2015இல் பெலீஸில் இதே பேரினத்தின் வேறொரு உளுவையில், குஞ்சுக்கும் பெற்றோருக்கும் மரபணு வழியே உறவைக் கண்டுபிடித்து தூரத்தையே அளந்துவிட்டார்கள். பாதிக் குஞ்சுகள் பிறந்த இடத்திலிருந்து 1.7 கிலோமீட்டருக்குள் குடியேறியிருந்தன. வேளச்சேரியில் பிறந்து வேளச்சேரியிலேயே வீடு பார்ப்பது மாதிரி.

சுத்தக்காரனுக்கு இது அவசியமும்கூட. முடிதிருத்தும் கடை தினமும் இடம் மாறினால் யார் தேடி வருவார்கள்? இடம் மாறாமல் இருப்பதால்தான் களவா திரும்பத் திரும்ப அதே பவளத்துக்கு வருகிறது. இடம் மாறாமல் இருப்பதால்தான் லாங்லியாலும் காலினாலும் அதைத் தொடர்ந்து பார்க்க முடிந்தது. சின்ன இடமே போதும் என்பதால்தான் மோவின் தொட்டிக்குள் அது குடும்பம் நடத்தியது.

அதற்கு விலையும் உண்டு. ஊரைவிட்டுப் போகத் தெரியாதவனுக்கு ஊர் அழிந்தால் போக்கிடம் இல்லை.

5

2014இல் மயாமிக்கு அருகே பவளங்களில் ஒரு நோய் தென்பட்டது. பவளத்தின் உயிர்த்தசை திட்டுத் திட்டாக உரிந்து, நூற்றாண்டு வயதுள்ள பவளம்கூட சில வாரங்களில் வெறும் சுண்ணாம்பு எலும்பாகிவிடும். கல்பவளத் திசுவிழப்பு நோய் என்று பெயர் வைத்தார்கள். இருபதுக்கும் மேற்பட்ட இனங்களைத் தாக்கியது. முதல் வரிசையில் விழுந்தவற்றில் மூளைப் பவளங்களும் உண்டு. நியான் உளுவை உட்கார்ந்திருக்குமே, அதே பவளங்கள். முக்குளிப்போர் அமாக்சிசிலின் கலந்த பசையை எடுத்துப்போய், புண்ணில் கையால் பூசினார்கள். மனிதக் குழந்தைக்குத் தொண்டைவலி வந்தால் கொடுக்கிற அதே மருந்து. நோய் தீவுத்தொடர் வழியே தெற்கே இறங்கி, மேற்கே திரும்பி, 2021இல் டிரை டோர்டுகாஸை அடைந்தது. தாம்ப்சன் சேகரித்த இடம். லாங்லி நின்ற இடம்.

அடுத்து வெப்பம். 2023 ஜூலை 24 அன்று ஃபுளோரிடா கீஸ் தீவுகளையொட்டிய மனாட்டி விரிகுடாவில் நீரின் வெப்பநிலை 38.4 டிகிரி செல்சியஸ். மனித உடல் சூட்டைவிட அதிகம். ஆழமற்ற, கலங்கிய விரிகுடாவின் அளவு அது என்பது உண்மை. ஆனால் அந்தக் கோடையில் திறந்த பவளத்திட்டுகளும் வெளுத்தன. ஃபுளோரிடாவின் கலைமான்கொம்புப் பவளங்கள் கீஸிலும் டோர்டுகாஸிலும் ஏறத்தாழ முழுதாகச் செத்தன.

இந்த இடத்தில் நம் கதை ஒரு திருப்பம் எடுக்கிறது. நோய் இன்னும் தொடாத பவளங்களை, அது வந்து சேரும் முன்பே கடலிலிருந்து உயிரோடு பெயர்த்து எடுக்க ஃபுளோரிடாவில் முடிவு செய்தார்கள். 2018 வாக்கில் தொடங்கிய வேலை. எடுத்த ஆயிரக்கணக்கான பவளங்கள் இப்போது எங்கே இருக்கின்றன? அமெரிக்கா முழுக்க இருக்கும் மீன்காட்சியகங்களிலும் விலங்குப் பூங்காக்களிலும். கடலே இல்லாத மாநிலங்களில், உப்புப் பொடி கரைத்த தண்ணீரில், எல்.இ.டி. சூரியனுக்குக் கீழே. உளுவை ஐம்பது வருடம் முன்பு தொட்டிக்குள் வந்தது. இப்போது அதன் வீடும் தொட்டிக்குள் வந்துவிட்டது.

அதுவும் சும்மா வந்து கிடக்கவில்லை. 2019 ஆகஸ்டில் டாம்பாவின் ஃபுளோரிடா அக்வேரியம் தூண் பவளத்தைத் தன் ஆய்வகத்திலேயே முட்டையிட வைத்தது. பவளம் முட்டையிட நீரின் சூடும், பகலின் நீளமும், நிலவின் பிறையும் சரியாக அமைய வேண்டும். கணினி நிரல் ஒன்று ஆண்டு முழுவதற்குமான சூரிய உதயத்தையும் பௌர்ணமியையும் விளக்கில் ஓட்டியது. பவளம் அதை நம்பிவிட்டது. ஒரு நிரலாளனாக இதைப் படித்தபோது பொறாமைதான் முதலில் வந்தது. நான் எழுதிய எந்த நிரலையும் ஓர் உயிர் நிலவென்று நம்பியதில்லை.

மார்ட்டின் மோவும் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தார். 1983-84இல் கரீபியன் முழுக்க ஒரு கொள்ளைநோய் வந்து நீள்முள் கடல் முள்ளெலிகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் கொன்றிருந்தது. பவளத்தின் மேல் பாசி படியாமல் மேய்ந்து வைத்திருந்தவை அவை. பல வருடம் கழித்து கீஸ் தீவில் மோ அந்த முள்ளெலியின் லார்வாவை வளர்க்கும் வழியைத் தேட உட்கார்ந்தார். உளுவைக் குஞ்சுக்கு வாய்க்கேற்ற இரை தேடிய அதே மனிதர், அதே பொறுமை, இப்போது விற்பதற்கில்லாமல் கடலுக்குத் திருப்பித் தருவதற்காக.

ஆக, பவளத்தை அழிப்பதில் பங்கெடுத்த ஒரு பொழுதுபோக்கு, பவளத்தைக் காப்பாற்றத் தேவையான கைவேலையையும் கூடவே வளர்த்திருக்கிறது. உப்புப் பொடி, வடிகட்டி, ரோட்டிஃபர், விளக்கு என்று பெரும்பகுதியும் வீட்டுத்தொட்டிக்காரர்களும் பண்ணைக்காரர்களும் பல வருடம் தட்டுத்தடுமாறிக் கற்றவை. வியாபாரத்தை முழுசாகத் தடை செய் என்று சொல்வது எளிது. பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும் இலங்கையிலும் வலையோடு மூழ்கிப் பவளமீன் பிடித்து வாழும் குடும்பங்களுக்கு அந்தத் தடை என்ன சொல்லும் என்பது தனிக் கேள்வி. ஃபுளோரிடாவின் பொரிப்பகத்தில் பிறக்கும் ஒவ்வொரு மீனும் கடலுக்கு நல்லதாக இருக்கலாம். ஆனால் அந்தக் கரையில் ஒருவரின் கூலி அது. பவளம் உயிரோடு இருந்தால்தான் நமக்குப் பிழைப்பு என்று காவல் காக்கிற மீனவரை ஒதுக்கிவிட்டு, கண்ணாடிக்குள் மட்டும் பவளத்தைக் காப்பாற்றுவதில் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை.

எங்கள் தொழிலில் பேக்கப் பற்றி ஒரு பாடம் எல்லோருக்கும் சீக்கிரமே வந்து சேரும். நகல் எடுத்து வைப்பது பாதி வேலைதான். அதைத் திருப்பி ஏற்றி, ஓடுகிறதா என்று பார்த்தால்தான் அது பேக்கப். கண்ணாடிக்குள் நாம் உளுவையை வைத்திருக்கிறோம். இப்போது அதன் பவளத்தையும். தலைமுறை தாண்டியும் உளுவை தன் தொழிலை மறக்கவில்லை, பவளம் நிரல் காட்டும் நிலவுக்கு முட்டையிடுகிறது. நகல் நன்றாகவே இருக்கிறது. திருப்பி ஏற்ற வேண்டிய இடம் டோர்டுகாஸ் கடல். அந்தத் தண்ணீர் ஒவ்வொரு கோடையும் எவ்வளவு சூடாகிறது என்பதை எந்தத் தொட்டியாலும் தீர்மானிக்க முடியாது. அது நம் எல்லோரின் கணக்கிலும் ஏறுகிறது, டேட்டா சென்டர் குளிரூட்டியை நம்பிப் பிழைக்கும் என் கணக்கில் கொஞ்சம் கூடுதலாகவே.

லிம்பா இரண்டு சின்னத் திட்டுகளில் சுத்தக்காரர்களை அகற்றிவிட்டு என்ன உடைகிறது என்று பார்த்தார். நாம் அவர் தொடாததை அகற்றிக்கொண்டிருக்கிறோம், உட்காரும் பவளத்தையே. செங்கல் கோட்டைக்கு வெளியே, இன்னும் உயிரோடு மிச்சமிருக்கும் பவளங்களின் மேல், நீலக்கோட்டு உளுவைகள் இப்போதும் வாடிக்கையாளருக்காகக் காத்திருக்கும். கடையை மாற்றும் வழக்கம் அவற்றுக்கு இல்லை.